எங்கள் பதிவேடுகளை எடைக்குப் போட்ட சங்கத்துக்கு: முன்னாள் கால்பந்து ஆட்டக்காரர்கள் சார்பில் ஒரு திறந்த மடல்

சங்கத் தலைவர், செயலாளர், பொருளாளர், நிர்வாகக் குழுவினர் அனைவருக்கும்,

பவள விழாவுக்காக அலுவலகத்தைப் புதுப்பித்தபோது பின்னறையில் இருந்த இரும்பு பீரோக்களைக் காலி செய்தீர்கள். உள்ளே இருந்த தாள்கள் பழைய பேப்பர் கடைக்குப் போயின. அந்த இடத்தில் இப்போது விளக்குப் போட்ட கண்ணாடி அலமாரி நிற்கிறது, கோப்பைகள் பளபளக்கின்றன. தாள்கள் எங்கே என்று நேரில் கேட்டேன். "கரையான் அரித்த குப்பை, அது யாருக்கு வேண்டும்?" என்றார் உங்களில் ஒருவர். பிறகு எழுதிக் கொடுத்த கடிதத்துக்கு இன்றுவரை பதில் இல்லை. அது யாருக்கெல்லாம் வேண்டும் என்பதை ஊரறியச் சொல்வதைத் தவிர எனக்கு வேறு வழி தெரியவில்லை.

அந்த பீரோக்களில் என்ன இருந்தது என்று இப்போதைய நிர்வாகத்தில் பலருக்குத் தெரிந்திருக்காது. சீசன்தோறும் லீக் போட்டிக்குப் பதிவு செய்த படிவங்கள் இருந்தன. ஒவ்வொன்றிலும் ஆட்டக்காரரின் புகைப்படம், பிறந்த தேதி, கையொப்பம். ஒரு கிளப்பிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது கொடுக்கும் தடையில்லாச் சான்றுகள் இருந்தன. ஆட்ட நாளில் நடுவரிடம் கொடுத்த அணிப் பட்டியல்களின் நகல்கள் இருந்தன. மாவட்ட, மாநில அணிகளுக்குத் தேர்வானவர்களுக்கு வந்த கடிதங்கள், போட்டிகளில் ஆடியதற்கான சான்றிதழ்கள், ஆட்டத்தில் அடிபட்டு அரசு மருத்துவமனையில் சேர்த்தபோது கொடுத்த சீட்டுகள் எல்லாம் அங்கேதான் இருந்தன.

சொந்தச் சான்றிதழை ஏன் சங்கத்தில் வைத்தீர்கள் என்று கேட்பீர்கள். வடசென்னையில் வியாசர்பாடியிலும் புளியந்தோப்பிலும் கொருக்குப்பேட்டையிலும் அந்தக் காலத்தில் எங்கள் வீடுகள் இருந்த நிலையை நினைத்துப் பாருங்கள். ஐப்பசி பிறந்தால் முழங்கால் அளவு தண்ணீர் உள்ளே நிற்கும். அரிசிப் பானையையும் ரேஷன் கார்டையும் பரணில் ஏற்றவே இடம் போதாது. அதனால்தான் அன்றைய செயலாளர், மறைந்துவிட்ட அந்தப் பெரியவர், "சான்றிதழையெல்லாம் என்னிடம் கொடுங்கள், பீரோவில் பத்திரமாக இருக்கும். வேலைக்கு மனுப் போடும்போது வந்து வாங்கிக்கொள்ளுங்கள்" என்றார். நாங்கள் கொடுத்தோம். அவை சங்கத்தின் சொத்து அல்ல. நம்பி ஒப்படைத்த பொருள். அதை எடைக்குப் போட உங்களுக்கு உரிமை இல்லை.

செய்தி கேள்விப்பட்டதும் எங்களில் சிலர் அந்தக் கடைக்கு ஓடினோம். பெரும்பகுதி ஏற்கெனவே லாரி ஏறிப் போய்விட்டது. கடைக்காரர் நல்ல மனிதர். மீதமிருந்த கட்டுகளை எங்களையே பிரித்துப் பார்க்கச் சொன்னார். கிடைத்தது ஒரே ஒரு பதிவேடு. எண்பதுகளில் ஆட்டக்காரர்களுக்கு பஸ் படி கொடுத்த கணக்கு. நீல ரெக்ஸின் அட்டை, முதுகில் பாதி கரையான். உள்ளே தேதி, எதிரணியின் பெயர், பயணப்படி, எதிரே கையொப்பம். எங்கள் கோல்காப்பாளருக்குக் கையொப்பம் போட வராது. அவருடைய இடது கட்டைவிரல் ரேகை பக்கத்துக்குப் பக்கம் இருக்கிறது. அந்த மனிதர் இந்தச் சங்கத்துக்கு ஆடினார் என்பதற்கு உலகத்தில் மிச்சமிருக்கும் ஆதாரம் அந்த ரேகை மட்டும்தான். விழா மலரில் அவர் பெயர் இல்லை. அவர் பிடித்த பந்துகளால் வந்த கோப்பையின் படம் வண்ணத்தில் இருக்கிறது.

இனி, அந்தத் தாள்களின் விலை என்ன என்று சொல்கிறேன்.

நலிந்த நிலையில் இருக்கும் முன்னாள் விளையாட்டு வீரர்களுக்குத் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் வழியாக மாநில அரசு மாதம் 6,000 ரூபாய் ஓய்வூதியம் தருகிறது. வயது 58 நிறைந்திருக்க வேண்டும், வருமானம் வரம்புக்குள் இருக்க வேண்டும், தேசிய அளவிலோ சர்வதேச அளவிலோ சாதித்ததற்குச் சான்று வேண்டும். எங்கள் வலது விங்கர், அதாவது வலது ஓரமாகப் பந்தை ஏற்றிப் போகும் முன்கள ஆட்டக்காரர், பதக்கம் வாங்கிய மாநில அணியில் ஆடியவர். இன்று ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் இரவுக் காவலாளி. இரண்டு முழங்காலிலும் தேய்மானம். நாற்காலியிலிருந்து எழுவதற்கு முதலில் கைப்பிடியில் முழங்கையை ஊன்றி, அப்புறம் உள்ளங்கையை மாற்றி, அப்புறம்தான் இடுப்பை நிமிர்த்துகிறார். கேட்டில் கார் வந்து ஹாரன் அடித்தால், அவர் எழுந்து போவதற்குள் இரண்டாவது ஹாரன் வந்துவிடுகிறது. வயது இருக்கிறது, வறுமை இருக்கிறது. விண்ணப்பத்தோடு இணைக்க வேண்டிய சான்றிதழ் உங்கள் பீரோவில் இருந்தது. பதக்கத்தை மகளின் கல்யாணச் செலவுக்காக விற்றுவிட்டார். அது கிடைத்தாலும் பெயர் பொறிக்காத பதக்கத்தை எந்த அலுவலகமும் ஆதாரமாக ஏற்காது. மாதம் 6,000 ரூபாய் என்பது அவருக்கு வாடகையும் மருந்தும். எடைக்குப் போட்டதில் சங்கத்துக்குக் கிடைத்தது எத்தனை ரூபாய் என்று கணக்கில் பார்த்து நீங்களே சொல்லுங்கள்.

மத்திய அரசிடமும் ஓய்வூதியத் திட்டம் இருக்கிறதே என்று ஒரு நிர்வாகி சொன்னதாகக் கேள்விப்பட்டேன். இருக்கிறது. அது ஒலிம்பிக், ஆசிய விளையாட்டு, உலகக் கோப்பை போன்ற மேடைகளில் பதக்கம் வென்றவர்களுக்கானது. இந்தியக் கால்பந்து ஆசிய விளையாட்டில் பதக்கம் பெற்றது மூன்றே முறை. 1951இல் புது டெல்லியில் தங்கம், 1962இல் ஜகார்த்தாவில் தங்கம், 1970இல் பாங்காக்கில் வெண்கலம். ஒலிம்பிக்கில் 1956இல் மெல்போர்னில் நான்காம் இடம் வரை போனோம், பதக்கம் கிடையாது. அப்படியென்றால் 1970க்குப் பிறகு நாட்டுக்காக ஆடிய கால்பந்துக்காரர்களே அந்தத் திட்டத்துக்கு வெளியில்தான் நிற்கிறார்கள். சென்னை லீக்கில் ஆடியவர்களுக்கு அதை வழிகாட்டுவது பொருத்தமான பதில் அல்ல.

நம் ஊர்க் கால்பந்தில் எப்போதும் இரண்டு வரிசை இருந்தது. ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலை, தெற்கு ரயில்வே, இந்தியன் வங்கி, ரிசர்வ் வங்கி, கணக்காயர் அலுவலகம், சுங்கத்துறை என்று துறை அணிகளில் இடம் கிடைத்தவர்கள் ஒரு வரிசை. அவர்களுக்கு ஆட்டம் வேலையைக் கொடுத்தது. கால் ஓய்ந்த பிறகும் மேசையும் சம்பளமும் இருந்தன. இன்று ஓய்வூதியமும் மருத்துவ வசதியும் இருக்கின்றன. எனக்கும் பிற்பாடு ஓர் அரசு வேலை கிடைத்தது. மாதம் பிறந்தால் ஓய்வூதியம் வங்கிக்கு வந்துவிடுகிறது. எனக்காக நான் எதையும் கேட்கவில்லை. இரண்டாவது வரிசை, நம்முடையதைப் போன்ற கிளப்புகளில் பஸ் படிக்கும் ஒரு வேளை பிரியாணிக்கும் ஆடியவர்கள். சீசன் முடிந்தால் கேரளத்தில் மலப்புறம் பக்கம், அணிக்கு ஏழு பேர் ஆடும் செவன்ஸ் ஆடப் போவார்கள். ஓர் இரவு ஆட்டத்துக்குக் கையில் கொஞ்சம் காசு வரும். அறுவடை முடிந்த வயலில், கட்டாந்தரையில், நாளுக்கொரு ஊரில் ஆடி முழங்காலின் தசைநார் போய்த் திரும்புவார்கள். யாரும் அறுவை சிகிச்சை செய்துகொண்டதில்லை. நாட்டு வைத்தியரிடம் எண்ணெய்க் கட்டு, அதன்மேல் கிரேப் பாண்டேஜ், அடுத்த சீசன். துறை அணிகளில் ஆள் எடுப்பது குறையக் குறைய இந்த இரண்டாவது வரிசை நீண்டுகொண்டே போனது. அதில் நின்றவர்கள்தான் உங்கள் கோப்பைகளை வாங்கிக் கொடுத்தார்கள்.

எங்கள் ஸ்டாப்பரை, தற்காப்பின் நடுவில் நின்று ஆடியவரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பெயரை எழுத வேண்டாம் என்று அவருடைய மனைவி கேட்டுக்கொண்டார். நம் சங்கத்தாருக்கு யாரென்று தெரியும். கோல் கிக்காக எதிரணியிலிருந்து உயரமாக வரும் பந்து எதுவானாலும் அது அவருடைய தலைக்குத்தான். மழையில் ஊறிய தோல் பந்து எவ்வளவு கனக்கும் என்று அதை முட்டியவர்களுக்குத் தெரியும். நெற்றியில் தையல் தடம் பதிந்திருக்கும். பயிற்சியில் கம்பத்திலிருந்து கயிற்றில் பந்தைக் கட்டித் தொங்கவிட்டு, மாஸ்டர் போதும் என்று சொல்லும்வரை எம்பி எம்பி முட்டச் சொல்வார்கள். அவர் அதற்குப் பிறகும் முட்டிக்கொண்டிருப்பார். அறுபது வயதைத் தாண்டிய கொஞ்ச காலத்தில் மறதி தொடங்கியது. முதலில் கடையில் மீதிச் சில்லறை வாங்க மறந்தார். அடுத்து வீட்டுக்கு வரும் தெரு மறந்தது. இப்போது மாலை ஐந்து மணியானால் எழுந்து மைதானத்துக்குக் கிளம்புகிறார். மனைவி வாசலில் குறுக்கே உட்கார்ந்து அவரைத் தடுக்கிறார். மகனைப் பார்த்து, "லைன்-அப்பில் என் பெயர் இருக்கிறதா?" என்று கேட்கிறார். மருத்துவர் காரணத்தை அறுதியிட்டுச் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. ஆனால் மருத்துவர் ஒரு கேள்வி கேட்டார்: எத்தனை ஆண்டு ஆடினார், எந்த இடத்தில், தலையில் அடிபட்டு மருத்துவமனைக்குப் போனது உண்டா? மகன் பதில் தேடி உங்களிடம் வந்தான். நீங்கள் கண்ணாடி அலமாரியைக் காட்டினீர்கள்.

அந்தக் கேள்வி ஏன் முக்கியம் என்று தெரிந்துகொள்ளுங்கள். இங்கிலாந்தில் வெஸ்ட் பிராம்விச் ஆல்பியன் அணியின் முன்கள வீரர் ஜெஃப் ஆசில், 1968 எஃப்.ஏ. கோப்பை இறுதியில் வெற்றி கோல் போட்டவர், 2002இல் தம் 59ஆம் வயதில் மூளைத் தேய்வுடன் இறந்தார். அவருடைய மரணத்தைத் தொழில்சார் நோயால் வந்த மரணம் என்று விசாரணை அதிகாரி தீர்ப்பளித்தார். பந்தைத் தலையால் முட்டியதே அந்தத் தொழில். அவர் குடும்பம் விடாமல் போராடியது. 2019இல் கிளாஸ்கோ பல்கலைக்கழக ஆய்வு வந்தது. ஸ்காட்லாந்தில் ஆடிய 7,676 முன்னாள் தொழில்முறை ஆட்டக்காரர்களைப் பொது மக்களோடு ஒப்பிட்டார்கள். நரம்புச் சிதைவு நோய்களால் இறப்பது ஆட்டக்காரர்களிடம் சுமார் மூன்றரை மடங்கு அதிகம் என்று தெரிந்தது. அல்சைமர் என்ற மறதி நோயை மட்டும் எடுத்தால் ஐந்து மடங்கு. அடுத்து 2021இல் வந்த ஆய்வு, தற்காப்பு ஆட்டக்காரர்களுக்கே ஆபத்து மிக அதிகம் என்றும் கோல்காப்பாளர்களுக்கு மற்ற மக்களைப் போலத்தான் என்றும் காட்டியது.

இந்த ஆய்வை எப்படிச் செய்தார்கள்? ஸ்காட்லாந்துக் கால்பந்து அருங்காட்சியகத்திலும் கிளப்புகளிலும் பாதுகாத்து வைத்திருந்த ஆட்டக்காரர் பதிவேடுகளை எடுத்தார்கள். யார், எப்போது பிறந்தார், எங்கே ஆடினார் என்று பார்த்து, மருத்துவப் பதிவுகளோடும் இறப்புப் பதிவுகளோடும் பொருத்தினார்கள். நம் ஊரில் நாளை ஒரு மருத்துவர் இதே கேள்வியோடு வந்தால் எதை எடுத்துக் கொடுப்பீர்கள்? எங்கள் ஸ்டாப்பருக்கு வந்தது அவருக்கு மட்டும் வந்ததா, அவரோடு ஆடிய மற்றத் தற்காப்பு ஆட்டக்காரர்களுக்கும் வந்ததா என்று கண்டுபிடிக்க நமக்கு இருந்த ஒரே வழியைக் கிலோ கணக்கில் நிறுத்து விற்றுவிட்டீர்கள்.

இன்னொன்றும் இதோடு சேர்ந்தது. அந்தக் கயிற்றுப் பந்து இப்போதும் மைதானத்தின் மேற்குப் பக்கக் கம்பத்தில் தொங்குகிறது. ஏழாவது, எட்டாவது படிக்கும் பிள்ளைகளோடு மூன்றாவது, நான்காவது படிக்கும் பொடியன்களும் வரிசையில் நின்று முட்டுகிறார்கள். இங்கிலாந்திலும் ஸ்காட்லாந்திலும் 2020 பிப்ரவரியிலேயே தொடக்கப்பள்ளி வயதுப் பிள்ளைகளுக்குப் பயிற்சியில் தலையால் முட்டுவதை நிறுத்திவிட்டார்கள். இதற்குப் பணம் வேண்டாம். ஒரு கத்தி போதும்.

நாட்டின் உச்சிக்குப் போனவர்களையே கால்பந்து எப்படிக் கைவிட்டது என்பது நமக்குத் தெரியாததல்ல. துளசிதாஸ் பலராமை நினைவிருக்கிறதா? செகந்திராபாத் அருகே அம்முகுடாவில் தமிழ்க் குடும்பத்தில் 1936இல் பிறந்தவர். மெல்போர்ன் ஒலிம்பிக் ஆடினார். ரோம் ஒலிம்பிக்கில் ஹங்கேரிக்கு எதிராக கோல் போட்டார். ஜகார்த்தாவில் தங்கம் வென்ற அணியில் இருந்தார். 1962இல் அர்ஜுனா விருது பெற்றார். 1961இல் கொல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால் கிளப்புக்குக் கேப்டன். நுரையீரல் நோய் வந்து முப்பது வயதுக்கு முன்பே ஆட்டத்தை விட்டார். அந்தக் கால இந்திய அணியின் முன்கள வீரர்கள் என்றால் பி.கே. பானர்ஜி, சுனி கோஸ்வாமி, பலராம் என்று மூவரையும் ஒரே மூச்சில் சொல்வார்கள். மற்ற இருவருக்கும் பத்மஸ்ரீ வந்தது, இவருக்கு வரவில்லை. கொல்கத்தாவுக்கு வடக்கே உத்தர்பாடாவில் தனியாக வாழ்ந்து 2023 பிப்ரவரி 16ஆம் தேதி மறைந்தார். தம் பழைய கிளப் தம்மை மதிக்கவில்லை என்ற மனத்தாங்கல் அவருக்குக் கடைசிவரை இருந்தது. அதை அவர் மறைக்கவும் இல்லை. ஆனாலும் பலராம் யார் என்பதற்கு ஆதாரம் இருக்கிறது. ஹங்கேரி ஆட்டத்தின் குறிப்பு இருக்கும்வரை அவர் பெயரை யாராலும் அழிக்க முடியாது. எங்கள் விங்கருக்கும் ஸ்டாப்பருக்கும் கோல்காப்பாளருக்கும் இருந்தது உங்கள் பின்னறை பீரோ ஒன்றுதான்.

நீங்கள் கெட்டவர்கள் என்று நான் சொல்லவில்லை. சொந்தக் காசைப் போட்டு லீக் கட்டணம் கட்டுகிறீர்கள், பிள்ளைகளுக்கு ஷூ வாங்கித் தருகிறீர்கள், மைதானத்தை ஆக்கிரமிப்பிலிருந்து காப்பாற்ற அலைந்தீர்கள். இதெல்லாம் எனக்குத் தெரியும், நன்றியோடு நினைக்கிறேன். சங்கத்திடம் பெரிய பணம் இல்லை என்பதும் தெரியும். அதனால்தான் எங்கள் கோரிக்கைகளில் பணம் அதிகம் இல்லை. ஆனால் விழா மலரில் புரவலர்களுக்கு முழுப் பக்கம் கொடுத்துவிட்டு, ஆட்டக்காரர்களுக்கு "எண்ணற்ற வீரர்கள்" என்று ஒரு வரி போட்டதை ஏற்க முடியாது. நாங்கள் எண்ணற்றவர்கள் அல்ல. பதினோரு பேராகத்தான் களம் இறங்கினோம். எண்ணி எழுதி வைத்திருந்தீர்கள், அதைத் தூக்கிப் போட்டீர்கள்.

எங்கள் கோரிக்கைகள் இவை. தாள்களை விற்றது யார் முடிவு, எந்தக் கூட்டத்தில் தீர்மானம் ஆனது என்பதை எழுத்தில் தெரிவியுங்கள். சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்கீழ் பதிவான அமைப்பு நம்முடையது. உறுப்பினர்கள் கேட்டால் கணக்குச் சொல்ல வேண்டிய கடமை உங்களுக்கு உண்டு. அடுத்து, சங்கத்துக்கு ஆடியவர்களின் பதிவேட்டைத் திரும்ப உருவாக்குங்கள். மீட்ட பஸ் படிப் பதிவேட்டின் நகலை நாங்கள் தருகிறோம். லீக் நடத்திய சங்கத்திடமும் மாநிலச் சங்கத்திடமும் பழைய பதிவுகளின் நகல் கேட்டு நீங்கள் அதிகாரபூர்வமாக எழுதுங்கள். தனி ஆளாக நாங்கள் போனால் வாசலோடு திருப்பி அனுப்புகிறார்கள், சங்கத்தின் கடிதத் தாளுக்குத்தான் அங்கே மதிப்பு. அன்றைய நாளிதழ்களின் விளையாட்டுப் பக்கங்களை நூலகங்களில் தேடும் வேலையை நாங்களே செய்கிறோம். அதற்கு ஓர் அறிமுகக் கடிதம் கொடுங்கள்.

ஓய்வூதியத்துக்குத் தகுதி உள்ளவர்களை அடையாளம் கண்டு, சான்றிதழ் தொலைந்தது ஆட்டக்காரரின் தவறல்ல, சங்கத்தின் பொறுப்பில் இருந்தபோது நடந்தது என்று கையெழுத்தும் முத்திரையும் இட்டு ஆளுக்கொரு கடிதம் தாருங்கள். நம் விங்கருக்கு அதை முதலில் தாருங்கள். அவருடைய விண்ணப்பத்தோடு சங்க நிர்வாகி ஒருவர் விளையாட்டு மேம்பாட்டு ஆணைய அலுவலகத்துக்கு நேரில் போக வேண்டும். ஸ்டாப்பரின் குடும்பத்துக்கு, அவர் ஆடிய ஆண்டுகளையும் ஆடிய இடத்தையும் தலையில் பட்ட காயங்களையும் குறித்து, மருத்துவரிடம் காட்டத்தக்க ஒரு குறிப்பைக் கொடுங்கள். உடன் ஆடிய நாங்கள் சாட்சிக் கையெழுத்துப் போடுகிறோம்.

இப்போது ஆடும் பிள்ளைகளின் படிவங்களையும் சான்றிதழ்களையும் ஸ்கேன் செய்து, ஒரு நகலை அவரவர் வீட்டுக்கே கொடுத்துவிடுங்கள். அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கும் காலம் இது. அவர்களுக்கும் எங்கள் கதி வரக் கூடாது. கயிற்றுப் பந்தை இந்த வாரமே அவிழ்த்துவிடுங்கள். இவை அனைத்தையும் வரும் பொதுக்குழுவின் நிகழ்ச்சி நிரலில் சேர்த்து, கூட்டத்துக்கு முன்பே எழுத்தில் பதில் தர வேண்டும். நடக்கக்கூடிய முன்னாள் ஆட்டக்காரர்கள் அனைவரும் அன்று வருவோம். நடக்க முடியாதவர்களை ஆட்டோவில் அழைத்து வருவோம். முன்வரிசையில் எங்களுக்கு நாற்காலி போட்டு வையுங்கள்.

இப்படிக்கு,
சங்கத்தின் முன்னாள் ரைட் ஹாஃப் (வலது நடுக்கள ஆட்டக்காரர்),
உடன் ஆடியவர்கள் சார்பில்